அளவறிந்த தானம்

சில வாரங்களுக்கு முன் திருப்பூரில் நடைபெற்ற ஒரு தர்ம விழாவுக்கு நாம் அழைக்கப்பட்டிருந்தோம். பந்தல் நிறைய ஜனங்கள். மேடையிலிருந்த பிரமுகர்களுக்குப் பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. மேடைக்குக் கீழே ஐம்பது சக்கர நாற்காலிகள், பாலிதீன் உறைகூடப் பிரிக்கப்படாமல், அணிவகுத்து நின்றன. ஐம்பதும் ஒரே அளவு, ஒரே நிறம். ஒரு பெயர் வாசிக்கப்படும், அதற்குரியவரை இருவர் தூக்கி வந்து நாற்காலியில் வைப்பார்கள், படம் எடுக்கப்படும், உடனே அடுத்த பெயர். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பெற்றவர்களில் ஒரு சிறுவனும் இருந்தான். ஏழெட்டு வயதிருக்கும். மூளை முடக்குவாதத்தினால் இடுப்பும் கால்களும் அவன் வசத்தில் இல்லை. அவனுக்குக் கிடைத்ததும் மற்றவர்களுக்குக் கிடைத்த அதே பெரிய நாற்காலிதான். அவனுடைய பாதங்கள் மிதிபலகையை எட்டவில்லை. உடல் ஒரு பக்கமாகச் சரிந்தது. தாயார் கையிலிருந்த துண்டைச் சுருட்டி அந்தப் பக்கத்தில் செருகினார். மறுபக்கத்தில் செருகுவதற்கு அவரிடம் ஒன்றுமில்லை. "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார் படம் எடுப்பவர். அந்த அம்மையாரும் சிரித்தார்.

விழாவை நடத்தியவர்கள் நல்லவர்கள். தங்கள் கைப்பொருளைச் செலவிட்டவர்கள். அவர்களைப் பழிப்பது நமது நோக்கமன்று. ஆயினும் அன்று வீடு திரும்பியதிலிருந்து ஒரு கேள்வி நம்மை விடவில்லை. அளந்து பாராமல் ஒரு சட்டையைக்கூட விற்காத ஊர், அளந்து பாராமல் ஒரு மனிதனுக்குக் கால்களைத் தானம் செய்யலாமா?

திருப்பூரின் தொழில் அளவில்தான் நிற்கிறது என்பதை நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அயல்நாட்டுப் பையர் அனுப்பும் அளவுப் பட்டியலில் மார்பகலம் இவ்வளவு, தோள் இவ்வளவு, கை நீளம் இவ்வளவு என்று கண்டிருக்கும். கூடக் குறைய எவ்வளவு பொறுத்துக்கொள்வார்கள் என்பதும் அதிலேயே இருக்கும். முதலில் சாம்பிள் போகும். அது ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகே துணி கட்டிங் மேஜைக்கு வரும். தைத்து முடிந்த பின் செக்கிங் மேஜையில் டேப் வைத்து மறுபடியும் அளப்பார்கள். பொறுத்துக்கொள்ளும் அளவைத் தாண்டிய துணி பெட்டிக்குள் போகாது. செகண்ட்ஸ் என்று ஒதுக்கப்பட்டுக் காதர்பேட்டைக்குப் போய்ச் சேரும். 2024-25-ம் வருஷத்தில் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் இது. ஜெர்மனியில் தான் ஒருபோதும் காணப்போகாத ஒரு குழந்தையின் தோளகலத்தை இந்த ஊர்க் கட்டிங் மாஸ்டர் துல்லியமாக அறிவார். அடுத்த தெருவில் இருக்கும் நம் குழந்தையின் இடுப்பகலத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை.

தானத்தைப் பற்றி நம்மவர்களிடையே இரண்டு பழமொழிகள் வழங்குகின்றன. பாத்திரமறிந்து பிச்சையிடு என்பது ஒன்று. தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது மற்றொன்று. முதலாவது கொடுப்பவனுக்குச் சொன்னது. இரண்டாவது பெறுபவனுக்குச் சொன்னது. சக்கர நாற்காலி விஷயத்தில் நாம் முதலாவதை மறந்துவிட்டு இரண்டாவதை மட்டும் வற்புறுத்தி வருகிறோம். கொடுத்ததை வாங்கிக்கொள், குறை சொல்லாதே என்கிறோம். பாத்திரமறிவது என்றால் பெறுபவன் யோக்கியனா என்று விசாரிப்பது மட்டுமல்ல. பாத்திரத்தின் கொள்ளளவு என்னவென்று அறிவதும் ஆகும் என்பது நமது அபிப்பிராயம்.

நாற்காலிக்கு அப்படி என்ன அளவு என்று சிலர் கேட்கக்கூடும். உட்காருமிடம் இடுப்பகலத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அதிகம் அகன்றால் உடல் சரியும், முதுகெலும்பு கோணும், கைகள் சக்கரத்தின் வளையத்தை எட்டாமல் தோள்கள் நோகும். ஆழம் தொடை நீளத்துக்கு இசைந்து, முழங்கால் மடிப்புக்குப் பின்னால் இரு விரற்கடை இடம் விட்டு நிற்க வேண்டும். மிதிபலகை பாதத்தைத் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் தொடையின் அடியில் பாரம் ஏறும். முதுகுத் தாங்கி எவ்வளவு உயரம் வேண்டும் என்பது, அமர்பவரின் உடலில் எந்த இடம்வரை வலிமை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வளரும் குழந்தைக்கோ அளவு வருஷந்தோறும் மாறும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மெத்தை. தென்னை மரத்திலிருந்தோ, கட்டடச் சாரத்திலிருந்தோ விழுந்தும், சாலை விபத்திலே அடிபட்டும் தண்டுவடம் முறிந்தவர்களுக்குக் கால்கள் அசைவதில்லை என்பதோடு, பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் இருப்பதில்லை. நாம் ஒரே இடத்தில் நெடுநேரம் உட்கார்ந்தால் வலிக்கிறது. தானாகவே அசைந்து கொடுக்கிறோம். அவர்களுக்கு வலி என்னும் காவலாளி இல்லை. இழுத்துக் கட்டிய ரெக்ஸின் துணிமேல் மணிக்கணக்காக உட்கார்ந்தால், எலும்புக்கும் துணிக்கும் இடையே சதை நசுங்கி, இரத்தவோட்டம் நின்று, புண் உண்டாகிறது. முதலில் ஒரு சிவந்த தழும்பு, பின்பு பள்ளம், கவனியாவிட்டால் எலும்புவரை அழுகல். அதன் விஷம் இரத்தத்தில் ஏறி மாண்டவர்கள் பலர். தக்க மெத்தை கொடுத்து, கைகளை ஊன்றி அடிக்கடி உடலைத் தூக்கிப் பாரத்தை விடுவிக்கும் பழக்கத்தையும் கற்பித்திருந்தால் அவர்களிற் பலர் பிழைத்திருப்பார்கள். மெத்தையில்லாத நாற்காலியைத் தண்டுவடம் முறிந்தவருக்குக் கொடுப்பது அவர் வீட்டுக்கு ஆபத்தைக் கொண்டுபோய் இறக்குவதாகும். கொடுத்தவர் அதை அறியார். ஆயினும் புண் வந்தது வந்ததே.

உடலின் அளவு ஒரு பாதி என்றால், ஊரின் அளவு மற்றொரு பாதி. விழாக்களில் கொடுக்கப்படும் மடக்கு நாற்காலி வழவழப்பான தரையில், வேறொருவர் தள்ளிச் செல்வதற்காக ஆனது. அதன் சிறு முன்சக்கரம் காங்கயம், தாராபுரம் பக்கத்துச் செம்மண் தடத்தில் புதைந்துவிடும். ஜல்லிக்கல்லில் தடுக்கி ஆளைக் குப்புறத் தள்ளும். பனியன் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளை நேயர்கள் அறிவார்கள். ஓர் அறை, உயர்ந்த வாசற்படி, குறுகிய கதவு, பல குடும்பங்களுக்குப் பொதுவான கழிப்பிடம் வரிசையின் கடைசியில். அந்தக் கதவுக்குள் நுழையாத நாற்காலி வாசலிலே நிற்கும். மழையில் நனையும், துணி காயப்போட உதவும். ஆறு மாதத்தில் சக்கரத்தின் பேரிங் இறுகும்; அந்த அளவு டயர் நம் சைக்கிள் கடையில் கிடைக்காது. பிறகு அது பழைய இரும்புக்காரரின் தராசுக்குப் போகும். ஆனால் தானம் செய்தவரின் ஆண்டறிக்கையில் மட்டும் அந்த நாற்காலி என்றும் ஓடிக்கொண்டிருக்கும்.

இது திருப்பூருக்கு மட்டும் உரிய குறையன்று. செல்வ நாடுகளிலிருந்து ஏழை நாடுகளுக்குக் கப்பலேறும் தானங்களில் வெகு காலமாக இருந்துவரும் குறை. 2004-ம் வருஷம் ஆழிப்பேரலை வந்தபோது நாகப்பட்டினம் கடற்கரைக்கு லாரி லாரியாகப் பழந்துணிகள் வந்து குவிந்தன. மீனவ மக்களுக்கு உதவாத துணிகள் சாலையோரத்தில் மலையாய்க் கிடந்ததை அன்று பார்த்தவர்கள் மறந்திருக்க முடியாது. துணியாவது மண்ணில் மக்கும். பொருந்தாத நாற்காலி மனித உடலையல்லவா கெடுக்கிறது?

உலக சுகாதார ஸ்தாபனம் 2008-ம் வருஷத்தில், வசதி குறைந்த தேசங்களுக்குச் சக்கர நாற்காலி வழங்குவதற்கென்றே நெறிமுறைகளை வெளியிட்டது. தக்க நாற்காலி என்பதன் இலக்கணத்தை அது தெளிவாக வரையறுத்திருக்கிறது. அமர்பவரின் தேவைக்கும் அவருடைய சுற்றுப்புறத்துக்கும் ஏற்றதாயிருக்க வேண்டும்; உடலளவுக்குப் பொருந்தி, நிமிர்ந்து உட்காரத் தாங்கல் தர வேண்டும்; அபாயமற்றதும் உறுதியானதுமாக இருக்க வேண்டும்; அந்தத் தேசத்திலேயே கிடைக்க வேண்டும்; அங்கேயே குறைந்த செலவில் பழுது பார்த்து நிலையாக உபயோகிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். நாற்காலி வழங்குவது ஒரே நாள் விழாவன்று, எட்டுப் படிகளுள்ள ஒரு பணி என்றும் அது கூறுகிறது. ஆளைக் கண்டறிதல், பரிசோதித்தல், எத்தகைய நாற்காலி என்று குறித்தல், பணத்துக்கு ஏற்பாடு செய்தல், நாற்காலியைத் தயார் செய்தல், உடலோடு பொருத்திப் பார்த்தல், உபயோகிக்கக் கற்பித்தல், பிற்பாடும் தொடர்ந்து கவனித்தல் என்பன அவை. நமது விழாக்களில் இந்த எட்டில் எத்தனை நடக்கின்றன? பணம் ஒன்றுதான் நடக்கிறது. எட்டிலே ஒன்றைச் செய்துவிட்டு எட்டுக்கும் மாலை வாங்கிக்கொள்கிறோம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். அது அற்பமான ஆட்சேபமன்று. ஆகையால் அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். உலகத்தில் சுமார் 8 கோடிப் பேருக்குச் சக்கர நாற்காலி தேவைப்படுகிறது என்றும், அவர்களில் 5 முதல் 35 சதவீதத்தினருக்கே அது கிட்டுகிறது என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ல் மதிப்பிட்டது. இந்தியாவில் 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி உடலியக்கக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் 54 லட்சம் பேர். தரையில் தவழ்கிறவனுக்கு அளவு பார்த்துக்கொண்டிருப்பதா? எதுவும் இல்லாமலிருப்பதைவிட ஏதோ ஒன்று இருப்பது மேலல்லவா?

இந்தக் கேள்வியைத் தன் வாழ்நாட்பணியாக எடுத்துக்கொண்டவர் அமெரிக்காவைச் சேர்ந்த பொறியியலாளர் டான் ஷோண்டார்ஃபர். மொராக்கோ தேசத்தில் ஒரு பெண்மணி மண்சாலையைத் தவழ்ந்து கடப்பதை இளமையில் அவர் கண்டார். அந்தக் காட்சி அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. தோட்டத்தில் போடும் வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து, இரும்புச் சட்டத்தில் பூட்டி, சைக்கிள் சக்கரங்களை மாட்டி, மிக மலிவான சக்கர நாற்காலி ஒன்றைச் செய்தார். 2001-ம் வருஷத்தில் முதல் நான்கு நாற்காலிகளை அவர் கொண்டுவந்தது வேறெங்குமில்லை, நமது சென்னைக்கே. பிறகு அவருடைய ஸ்தாபனம் பல தேசங்களில் பத்து லட்சத்துக்கு அதிகமான நாற்காலிகளை வழங்கியிருக்கிறது. அதனால் வீட்டு மூலையை விட்டு வெளியே வந்தவர்கள் எண்ணற்றவர்கள் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒரே அளவு நாற்காலி எல்லோருக்கும் பொருந்தாது என்ற விமர்சனம் இத்துறை அறிந்தவர்களிடமிருந்து எழுந்தது. அதே ஸ்தாபனம் பின்னாளில் அளவை மாற்றிப் பொருத்தக்கூடிய நாற்காலிகளையும் செய்யத் தொடங்கியது. எண்ணிக்கையை லட்சியமாகக் கொண்டு புறப்பட்டவர்களே அளவுக்கு வந்து சேர்ந்தார்கள் என்றால் நாம் அதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டாமா?

மேலும், ஏதோ ஒன்று மேல் என்ற வாதத்துக்குச் சட்டமே ஒரு பதிலை வைத்திருக்கிறது. 1981 முதல் மத்திய சர்க்கார் நடத்திவரும் அடிப் என்னும் உபகரண உதவித் திட்டத்தின் விதிகளைப் பாருங்கள். ஒரு காரியத்துக்காகச் சர்க்காரிடமிருந்தோ, தர்ம ஸ்தாபனங்களிடமிருந்தோ ஏற்கெனவே உதவி பெற்றவர், அதே காரியத்துக்கு மீண்டும் உதவி பெற மூன்று வருஷம் கழிய வேண்டும் என்கிறது விதி. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஒரு வருஷம். பொருந்தாத நாற்காலியைத் தானமாகப் பெற்றவர், அந்தத் தானத்தாலேயே, பொருந்தும் நாற்காலியைக் கேட்கும் தகுதியை இழந்து நிற்க நேரிடுகிறது. துண்டைச் சுருட்டிச் செருகிய அந்தத் தாயார், அன்று நாற்காலி பெற்றார் என்பதோடு, தம் பிள்ளையின் பெயர் காத்திருப்போர் பட்டியலிலிருந்து அடிபடவும் சம்மதம் கொடுத்தார். இதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஏதோ ஒன்று எப்போதும் மேலல்ல.

அளவறிந்து செய்தவர்கள் இல்லையா? உண்டு. அவர்களிடையே ஒரு பொது லட்சணத்தையும் காண்கிறோம். நாற்காலியில் உட்கார்ந்தவர்களே அதைச் செய்யவும், செய்விக்கவும் முற்பட்ட இடங்களிலெல்லாம் காரியம் சரியாக நடந்திருக்கிறது. இன்று விழாக்களில் காணும் மடக்கு நாற்காலிகூட 1933-ல் அப்படிப் பிறந்ததுதான். சுரங்க விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற பொறியியலாளர், தமது மோட்டாரில் மடக்கி வைப்பதற்காக, ஹாரி ஜென்னிங்ஸ் என்ற நண்பருடன் சேர்ந்து அதை உருவாக்கினார். அவருடைய தேவைக்கும் அவருடைய ஊரின் சாலைக்கும் அது பொருந்திற்று. நமது லைன் வீட்டுக்குப் பொருந்தவில்லை என்றால் குற்றம் அவருடையதன்று. யோசியாமல் நகல் எடுத்தவர்களுடையது.

1966-ல் விபத்தொன்றில் கால்களின் இயக்கத்தை இழந்த ரால்ஃப் ஹாட்ச்கிஸ் என்ற அமெரிக்கர், 1980-ம் வருஷம் நிகராகுவாவுக்குப் போனார். அங்கே மேடு பள்ளங்களில் நாற்காலி ஓட்டியவர்களிடம் பாடம் கேட்டு, உள்ளூர்ப் பட்டறையில், உள்ளூரிலே கிடைக்கும் இரும்புக் குழாயையும் சைக்கிள் பாகங்களையும் கொண்டு நாற்காலி செய்யும் முறையைப் பல தேசங்களுக்கும் பரப்பினார். 1991-ல் இங்கிலாந்திலிருந்து வந்த இளைஞர்கள் பங்களாதேசத்திலே இவ்விதமான பட்டறை ஒன்றை நிறுவினார்கள். அவர்களில் ஒருவரான டேவிட் கான்ஸ்டன்டைன் தாமே சக்கர நாற்காலியில் இருப்பவர். பெங்களூரில் 1994 முதல் மொபிலிட்டி இந்தியா என்னும் ஸ்தாபனம் இத்துறையில் ஆட்களுக்குப் பயிற்சி தந்து வருகிறது.

நமது தமிழ்நாட்டுக்கே வருவோம். வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் மோட்டார் விபத்திலே தண்டுவடம் முறிந்து கால்களின் இயக்கத்தை இழந்தார். நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளர்களின் கைகளுக்கு ரண சிகிச்சை செய்தார். 1966-ல் அங்கே புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டதற்கு அவரே மூலபுருஷர். தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975-ல், பொறியியல் மாணவராயிருந்த ஸ்ரீ ராமகிருஷ்ணன், கடற்படைத் தேர்விலே விழுந்து கழுத்துக்குக் கீழே இயக்கத்தை இழந்தார். 1981-ல் அவர் தொடங்கிய சங்கம் அது. தசைச் சிதைவு நோயுள்ள கணக்காயர் ஸ்ரீ சங்கரராமன் பின்னர் அவரோடு சேர்ந்துகொண்டார். நாற்காலியில் இருக்கும் இவ்விருவரும் சேர்ந்து வளர்த்த ஸ்தாபனத்துக்கு யாரும் அளவைப் பற்றிப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியை சுஜாதா சீனிவாசன் தலைமையில் உருவான ஆராய்ச்சி, 2019-ல் எழுந்து நிற்க உதவும் நாற்காலியையும், 2021-ல் அமர்பவரின் உடலளவுக்கேற்பச் செய்து தரும் நாற்காலியையும் தந்தது. வித்தை நம்மிடமே இருக்கிறது.

வித்தை மட்டுமா? முன்னுதாரணமும் இருக்கிறது. மேல்நாட்டுச் செயற்கைக் கால் பூட்ஸ் போட்டு நடப்பவனுக்காகச் செய்யப்பட்டது. சேற்றில் இறங்குவதற்கும், தரையில் சம்மணமிடுவதற்கும், குந்துவதற்கும் அது உதவவில்லை. 1960-களின் கடைசியில் ஜெய்ப்பூரில் ராமசந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து ரப்பரிலும் மரத்திலும் இந்தியப் பாதம் ஒன்றைச் செய்தார்கள். அது உலகெங்கும் போயிற்று. சுதேசியம் என்பதற்கு இதைவிட நல்ல பொருள் நமக்குத் தெரியவில்லை. அந்நியப் பொருள் என்பதற்காக ஒன்றைத் தள்ளுவதன்று அது. நம் மண்ணுக்கும் நம் உடலுக்கும் எது பொருந்தும் என்பதை நாமே அளந்து, நாமே செய்துகொள்ளும் திறமையே சுதேசியம். 1920-களில் கதர் உற்பத்தியின் பெரிய கேந்திரமாய் விளங்கிய திருப்பூருக்கு இது புது உபதேசமா?

இனி, நாம் சொல்லும் காரியம் தர்மம் மட்டுமல்ல, சட்டப்படியான உரிமையும் ஆகும். 2007-ல் இந்தியா மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. அதனைத் தொடர்ந்து பிறந்த 2016-ம் வருஷத்துச் சட்டத்தின் 24-வது பிரிவு, வருமான வரம்புக்குட்பட்டவர்களுக்கு உபகரணங்களை இலவசமாக அளிக்கும் திட்டங்களைச் சர்க்கார் வகுக்க வேண்டுமென்கிறது. 2024-ம் வருஷம் நவம்பர் மாதம் ராஜீவ் ரதூரி வழக்கில் சுப்ரீம் கோர்ட் மற்றொன்றைத் தெளிவாக்கியது. கட்டடங்களும் வாகனங்களும் மாற்றுத்திறனாளிகள் உபயோகிக்கத் தக்கவையாய் இருக்க வேண்டும் என்பது வெறும் சிபார்சாக இருக்கலாகாது, கட்டாய விதியாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இம்மாகாணச் சர்க்காரும் உலக வங்கிக் கடனுதவியுடன் உரிமைகள் திட்டம் என ஒன்றைத் தொடங்கி, விழுதுகள் என்ற பெயரில் சேவை நிலையங்களைத் திறந்து வருகிறது. உரிமையுள்ளவன் தன் உரிமையைத் தன் அளவுக்குக் கேட்பது நன்றிகெட்ட செயலாகாது. மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்க அவனுக்குப் பூரண உரிமை உண்டு.

ஆகவே திருப்பூர் என்ன செய்யலாம்? நமது யோசனைகளைச் சொல்கிறோம்.

முதலாவதாக, விழாவுக்கு ஒரு மாதம் முன்பே அளவெடுப்பு நடைபெற வேண்டும். உடலைப் பரிசோதிக்கத் தெரிந்த பயிற்சியாளர் ஒருவரும், டேப் பிடிக்கத் தெரிந்த ஒருவரும் பெறுபவரின் வீட்டுக்கே போகட்டும். இடுப்பகலத்தோடு கதவகலத்தையும் வாசற்படியின் உயரத்தையும் எழுதிவரட்டும். இரண்டாவதாக, மெத்தை இல்லாத நாற்காலியைத் தருவதில்லை என்று தர்ம சங்கங்கள் தீர்மானம் செய்யட்டும். துணியும் தையலும் நிறைந்த இந்த ஊரில் உரிய வைத்தியர்களின் யோசனையைக் கேட்டு நல்ல மெத்தை தைப்பது பெரிய காரியமாகாது. மூன்றாவதாக, ஒவ்வொரு தானத்திலும் ஒரு பங்கைப் பழுது பார்ப்பதற்கென்று ஒதுக்க வேண்டும். மோட்டார் பம்பு முதல் நெசவு யந்திரம் வரை செய்யும் பட்டறைகள் கோயமுத்தூரிலிருந்து இங்கு வரை நிறைந்திருக்கின்றன. அவற்றில் சில, நம் சைக்கிள் கடையில் கிடைக்கும் டயரும் பேரிங்கும் பொருந்துமாறு நாற்காலி செய்ய முன்வந்தால், இறக்குமதிப் பெட்டியை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. நான்காவதாக, அளவெடுக்கும் குழுவில் நாற்காலியில் இருப்பவர் ஒருவராவது அங்கத்தினராக இருக்க வேண்டும்.

இதற்குப் பணம் எங்கே என்று கேட்க வேண்டாம். 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவின்படி, ஐந்து கோடி ரூபாயும் அதற்கு மேலும் நிகர லாபம் பெறும் கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைப் பொதுநலத்துக்குச் செலவிட்டே ஆகவேண்டும். அந்தப் பணம் இவ்வூரில் இருக்கிறது. நூறு நாற்காலிக்குப் பதில் ஐம்பதே கொடுங்கள்; ஆனால் அந்த ஐம்பதும் ஐந்து வருஷம் ஓடட்டும். நாற்காலியில் ஏறியவர் அதோடு நின்றுவிடாமல் வேலைக்கும் வர வேண்டும். செக்கிங் மேஜைக்கும் கணக்கு மேஜைக்கும் கால்கள் வேண்டியதில்லை. கம்பெனி வாசலில் ஒரு சாய்தளமும் அகன்ற கதவுள்ள ஒரு கழிப்பிடமும் போதும்.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இத்தகைய விழாக்களின் படங்களை நாமும் இப்பத்திரிகையில் பிரசுரித்து வந்திருக்கிறோம். எத்தனை நாற்காலிகள் என்று கேட்டு எழுதினோமேயன்றி, ஆறு மாதம் கழித்து எத்தனை ஓடுகின்றன என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்தத் தவறு நம்முடையது. இனி இவ்வித விழாச் செய்தி வரும்போது, அளவெடுத்தவர் யார், மெத்தை உண்டா, பழுது பார்ப்பவர் யார் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டே பிரசுரிப்பது என்று தீர்மானித்திருக்கிறோம். நேயர்களும், முக்கியமாகப் பொதுப்பணியில் ஈடுபட்ட இளைஞர்களும், தத்தம் ஊர் விழாக்களில் எழுந்து நின்று இதே கேள்விகளைக் கேட்க வேண்டுகிறோம். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

1932-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் இந்த ஊர்த் தெருவிலே குமரன் தடியடி பட்டு விழுந்தபோது, கையிலிருந்த கொடியை விடவில்லை. அந்தத் தெருவில் இன்று எல்லோரும் சுதந்திரமாக நடக்கிறோம். நடக்க முடியாதவர்களும் அதே தெருவில் தங்கள் கைகளாலேயே சக்கரத்தை உருட்டிக்கொண்டு போக வேண்டும். அவர்களை ஒருவர் தூக்கி வைப்பதும் மற்றொருவர் படம் எடுப்பதும் நின்றுபோக வேண்டும். அதற்கு முதலில் வேண்டியது ஓர் அளவு டேப். திருப்பூரில் அது இல்லாத வீடு ஏது?